வாலும் வாளும்

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தொன்பது வருடம் ஒரே கம்பெனி. வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் துணிச்சல் இருக்கவில்லை. குடியிருந்த கட்டடத்தில் மட்டும் ஜப்பான்காரர் என்பார்கள். ஜப்பானை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, பிள்ளை இல்லை, சுவரெல்லாம் நிஞ்சா வாள். மொத்தம் முப்பத்தேழு. காலண்டர் மாட்ட இடமில்லை என்று மனைவி சொன்னதில் மிகை ஒன்றும் கிடையாது.

பதினாலு வயதில் வாடகை வீடியோ கேசட்டில் பிடித்த பித்து அது. கறுப்புத் துணிக்குள் கண் மட்டும் தெரிய, கூரை மேல் ஓசைப்படாமல் ஓடுகிற ஆட்கள். அவர்கள் முதுகில் நேரான வாள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே சதுரத் தகடு. வாளைச் சுவரில் சாய்த்து, அந்தத் தகட்டில் கால் வைத்து மதில் ஏறுவார்களாம். உறையின் நுனியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் மூச்சு விடுவார்களாம். உறை நீளம், உள்ளே அலகு குட்டை. நீளத்தை வைத்துக் கணக்குப் போட்ட எதிரி ஏமாந்துபோவானாம்.

எல்லாம் கதை என்று அவருக்கே தெரியும். படித்திருந்தார். அந்தக் காலத்து ஒற்றர்கள் கையில் அகப்பட்ட வாளைத்தான் கொண்டுபோனார்கள், இந்த நேர் வாளுக்கு உறுதியான பழைய சான்று கிடையாது, சினிமாவும் கடைக்காரர்களும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது என்று புத்தகங்களில் இருந்ததை அவரே எல்லாருக்கும் சொல்வார்.

"மூலமே இல்ல மாப்ள. மூலம் இல்லாததுக்குப் போலி எங்கேருந்து வரும்? என்கிட்ட இருக்கிற முப்பத்தேழும் அசல்" என்று மனைவியின் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாக இறக்கி, கிராம்பு எண்ணெய் தொட்டுத் துடைப்பார். "தலைக்கு எண்ணெய் வெக்கத் தெரியாத மனுஷன், தகரத்துக்கு வெச்சுட்டு உட்கார்ந்திருக்காரு" என்பது மனைவியின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு.

தகரம் என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று குத்தும். சேகரிக்கிறவர்களுக்கு வெளியே மின்னுகிற அலகு பெரிதில்லை. கைப்பிடிக்குள் மறைந்திருக்கிற மிச்ச இரும்புதான் பெரிது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வால். அலகு தன் அகலம் குறையாமல் கைப்பிடியின் அடிவரை போனால் முழு வால். அதை வீசலாம், வெட்டலாம். அலகின் அடியில் ஒரு கம்பியைப் பற்றவைத்து நட்டால் முடுக்கியிருந்தால் எலிவால். அது சுவரில் தொங்க மட்டும். ஓங்கி வீசினால் கைப்பிடி கையில் நிற்கும், அலகு பறந்துவிடும். தன்னிடம் ஒன்பது முழு வால் இருப்பதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்கள் காதில் அது முழு வாள் என்றே விழும். அதில் தலையானதைக் கூடத்துச் சுவரின் நடுவில் மாட்டியிருந்தார்.

அந்தத் தலையான வாள் நான்கு வருடம் முன்பே உடைந்துவிட்டது. மனைவி ஊரில் இல்லாத ஒரு நாள், மொட்டை மாடியில் பழைய கதவுச் சட்டம் ஒன்றை நிறுத்தி வைத்து வெட்டிப் பார்த்தார். இரண்டாவது வெட்டில் சதுரத் தகட்டுக்குக் கீழே விட்டுப்போனது. கம்பெனிப் பட்டறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதில் ஒரு கம்பியை ஒட்டவைத்தார். கைப்பிடியைப் பூட்டி, மேலே கயிற்றைத் தன் கையாலேயே இழுத்துச் சுற்றி, பழைய இடத்தில் மாட்டினார். எடை தாங்குகிற இடத்தில் ஒட்டு வேலை கூடாது என்று தொழிலில் முப்பது பேரையாவது அவர் திட்டியிருப்பார். ஒட்டுப் போட்ட கொக்கி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு லிஃப்டையே இரண்டு நாள் நிறுத்தி வைத்தவர். ஆனால் இது சுவரில் தொங்குகிற பொருள், யார் எடுத்து வீசப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகும் ஆள் வந்தால் அதைத்தான் முதலில் காட்டுவார். முழு வால் என்பார்.

ஐம்பத்தாறாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய்க் குப்பி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலக்கை வரவில்லை. வாயு பிடித்திருக்கும் என்று மனைவி வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். அது பெரிய தப்பு. பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம்தான் மருந்துக்கு மதிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகையில் மாலை ஆகியிருந்தது.

வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. காதில் விழுவதெல்லாம் புரியும். பதிலும் உள்ளே தயாராக நிற்கும், வாய்க்கு வராது. எழுதிக் காட்டச் சொல்லலாமே என்று பார்க்க வந்தவர்கள் யோசனை சொன்னார்கள். பேச்சைக் கொண்டுபோகிற நோய் பெரும்பாலும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். இடக்கையில் பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறியது போல் வந்தது. தலையாட்டலும் முதல் மாதம் நம்பும்படி இல்லை. ஆமாம் என்பதற்கு இல்லை என்று ஆட்டிவிட்டு, தன் மேலேயே எரிச்சலாகிக் கட்டிலைத் தட்டுவார். போகப்போகத்தான் அது நிலைப்பட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டார்கள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தாள். எல்லாரும் சிஸ்டர் என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலுக்குக் கீழே தலையணை கொடுப்பது, தண்ணீரைக் கூழாக்கிக் கரண்டியில் ஊட்டுவது எல்லாவற்றையும் மனைவிக்கும் பழக்கிவிட்டாள். மனைவி நன்றாகவே பார்த்துக்கொண்டாள். முகத்தைச் சுளிக்காமல் செய்தாள், சிரிக்கவும் இல்லை.

இரண்டாம் மாதம் மனைவியின் தம்பி வந்தான். கராத்தே மாஸ்டர். பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் வகுப்பு நடத்துகிறவன்.

"அக்கா, நடுவுல தொங்குதே, அதை எடுத்துட்டுப் போறேன். பத்து நாள்தான். ஆண்டு விழாவுல தர்ப்பூசணி வெட்டிக் காட்டணும்."

"ஒண்ணு எதுக்கு? முப்பத்தேழையும் எடுத்துட்டுப் போ. நான் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிறேன்."

"மாமா கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும். அப்படியாவது வாயைத் திறக்கட்டும்."

மாஸ்டர் நாற்காலியில் ஏறி வாளைக் கொக்கியிலிருந்து எடுத்தான். கட்டிலில் இருந்தவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. வேண்டாம், ஒட்டு, உடைஞ்சது, வீசாதே என்று சொல்ல எல்லாச் சொல்லும் வரிசையில் நின்றன. ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"வால்."

இரண்டு மாதத்தில் முதல் சொல். சிஸ்டர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாளுங்கிறாரு! அக்கா, மாமா பேசிட்டாரு!"

"வால். வால்."

"ஆமா மாமா, உங்க வாளுதான். எங்கேயும் ஓடிடாது. பத்திரமாத் திருப்பித் தரேன்."

ஆஸ்பத்திரியில்கூட அழாத மனைவி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ பேரு வரல. இரும்புதான் வருது, பாரு."

பேச்சுப் பயிற்சிக்கு வாரத்துக்கு ஒருநாள் வருகிற பெண்ணும் சந்தோஷப்பட்டாள். ளகரத்துக்கு நாக்கு மடிய வேண்டும், இவருக்கு இன்னும் மடியவில்லை, அதனால்தான் லகரமாக விழுகிறது என்று விளக்கினாள். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நாக்கை மேல மடிங்க சார். வா... ள்."

"வால்."

"கிட்ட வந்துட்டீங்க. வா... ள்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மடித்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, பிறகு யாருக்கும் சந்தேகமே வராது. பயிற்சிப் பெண் பையை மூடினாள். "பிடிவாதம் இருக்கு. நல்ல அறிகுறிதான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் விட்டுப்போன பட அட்டைகள் கட்டிலில் கிடந்தன. சிறு பிள்ளைகளுக்கான அட்டைகள். பால், பந்து, குடை, எலி. மறுநாள் அவர் எலி அட்டையை இடக்கையால் இழுத்து, அதன் வாலில் விரலை வைத்து அழுத்தினார்.

"எலியா? எங்க, சமையல்கட்டுலயா?" என்றாள் மனைவி.

அவர் அட்டையைக் குத்தினார்.

"ஐயா நாள் பூரா மல்லாந்து கிடக்கிறாரு. நம்ம கண்ணுல படாதது அவர் கண்ணுல படும்மா" என்றாள் சிஸ்டர்.

அன்று மாலையே எலிப்பொறி வந்தது. நான்கு நாள் அலமாரிக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. அதைப் பார்க்கிற போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து அழுகையில் முடிந்தது. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் கட்டுக்குள் நிற்காது என்று சிஸ்டர் சொன்னாள். அது உண்மைதான். அன்றைக்கு அதனால் இல்லை.

விழா நாள் மதியம் மூன்று மணிக்குக் கீழ் வீட்டுத் தையல்காரம்மா மனைவியைக் கூட்டிப்போக வந்தாள். முழங்கால் வலிக்காரி. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் வாய் ஆரம்பித்துவிட்டது.

"என்ன ஜப்பான்காரரே, உங்க சொத்து இன்னைக்கு மேடை ஏறுதாமே! நீங்க என்னத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

மனைவி வெளியே போகிற உடுப்பில் இருந்தாள். தண்ணீர்க் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வால். வால். வால்."

"கொண்டாரச் சொல்றேன். நாளைக்கே பழைய ஆணியில மாட்டிடறேன். போதுமா? கையை விடுங்க."

அவர் விடவில்லை.

"கட்டின நாள்லேருந்து இன்னைக்குத்தான் கையைப் பிடிக்கிறாரு போல. இருந்துடேன், நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் தையல்காரம்மா.

"வா, வா. முதல் வரிசையில எனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கானாம் தம்பி." மனைவி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கதவு சாத்திய பிறகும் படிக்கட்டில் இருவர் சிரிப்பும் இறங்கிப்போவது கேட்டது.

சிஸ்டர் அவரைப் புரட்ட வந்தாள். அவர் உடம்பை விறைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரின் அடிவரிசையில் தொங்கிய ஒரு வாளைக் காட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். மொண்ணை வாள்தான், பயமில்லை. அவர் அலகைத் தொடவில்லை. கைப்பிடியின் அடியிலிருந்த குமிழைப் பிடித்துத் திருகினார். ஒரு கையால் ஆகவில்லை. வாளை அவள் பக்கம் தள்ளினார்.

"கழட்டணுமா?"

தலையாட்டினார்.

குமிழ் சுழன்று வந்தது. கைப்பிடி உருவிக்கொண்டு வந்தது. உள்ளே சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாமல், பேனா அளவில் ஒரு கம்பி. அவர் மடியிலிருந்து எலி அட்டையை எடுத்து அந்தக் கம்பியின் மேல் வைத்தார்.

"வால்" என்றார்.

சிஸ்டர் கம்பியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"லகரமா, ஐயா? எலி வாலா?"

தலையாட்டினார். கண்ணில் நீர் கொட்டியது.

"தம்பி எடுத்துட்டுப் போனதும் இப்படித்தானா?"

அவர் இடக்கையை மூடி, எதையோ ஒடிப்பது போல் திருப்பினார். பிறகு நடு ஆணியைக் காட்டினார். மறுபடி ஒடித்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. மனைவிக்கு போன் போட்டாள்; மணி அடித்தது, எடுக்கவில்லை. மாஸ்டருக்குப் போட்டாள், அணைத்து வைத்திருந்தான். படுத்திருக்கும் நோயாளியைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்பது அவள் தொழிலில் முதல் சட்டம். அவர் கதவைக் காட்டினார். இடக்கையால் கட்டிலை அறைந்தார்.

"பத்து நிமிஷ நடை. ஓடினா அஞ்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எச்சில் தொண்டையில் போகாமல் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, கட்டிலின் கம்பித் தடுப்பை ஏற்றிவிட்டு ஓடினாள்.

அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மேலிருந்து கத்துவார்: கதவைத் தொடாதீங்க, வந்துட்டே இருக்கேன். அவர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சிறுநீர் போய்ப் படுக்கை நனைந்தது. வெயில் சன்னலிலிருந்து அலமாரிக்கு நகர்ந்தது. ஒருவரும் வரவில்லை. வராததிலேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஹாலில் நடந்ததைச் சிஸ்டர் பிறகு சொன்னாள். அவள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடையில் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. முதல் வரிசையிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தாள். வெள்ளை உடுப்போடு, தலை கலைந்து, மூச்சு வாங்க நிற்கிற நர்ஸைப் பார்த்தால் யாருக்கும் ஒரு நினைப்புத்தான் வரும். புருஷன் போய்விட்டார் என்று எழுந்தாள். சுவரோரம் நின்றுகொண்டிருந்த தையல்காரம்மாவிடம், "நீ உட்காரு, கால் வலியோட நிக்காத. என்னனு பாத்துட்டு வந்துடறேன்" என்று நாற்காலியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

சிஸ்டர் பாதி சொல்வதற்குள் மாஸ்டர் வீசிவிட்டான். முதல் பழம் அழகாக இரண்டாகப் பிளந்து, கைதட்டல் எழுந்தது. இரண்டாவது வீச்சில் கைப்பிடி அவன் கையில் நின்றது.

தையல்காரம்மாவுக்குக் கழுத்தில். சிஸ்டர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வண்டியில் போனாள். முறையாகத்தான் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போயிற்று.

ஐந்து நாள் மனைவி அவரோடு பேசவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டினாள், துடைத்தாள், ஊட்டினாள். கீழ் வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். தம்பி போலீஸ் காவலில் இருந்தான்.

ஆறாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர், நோயாளி என்று குரலைத் தணித்தே பேசினார்.

"ரெண்டே கேள்விதான் சார். கெட்டியான வாளுன்னு நீங்க சொல்லித்தான் எடுத்துட்டுப் போனேன்னு உங்க மச்சினன் சொல்றாரு. பிடிக்குள்ள ஒட்டு வெச்சிருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"வால்."

"வாளா? வாளு எங்ககிட்டதான் இருக்கு சார். இப்போதைக்குத் தர முடியாது." அதிகாரி மனைவி பக்கம் திரும்பி, பரிதாபமாக உதட்டைப் பிதுக்கினார். "வாளைத் திருப்பிக் கேக்குறாரு பாவம். நினைவு சரியில்லைன்னு எழுதிடறேன்மா. இவரைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அதிகாரி எழுதத் தொடங்கினார். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். பேசாமல் இருந்தால் கட்டிலில் கிடப்பவர் தப்புவார், தம்பி ஒருவனே சுமப்பான். பேசினால் இரண்டு பேரும்.

"எழுதினதை அடிங்க சார்" என்றாள். "அவர் கேக்கிறது வாளு இல்ல. வாலு. எலிக்கு இருக்கிற வாலு. பிடிக்குள்ள போற இரும்புக்கு அதுதான் பேரு. அது உடைஞ்சது இவருக்குத் தெரியும். நினைவெல்லாம் நல்லா இருக்கு. தலையாட்டுவாரு, கேளுங்க."

அதிகாரி பேனாவைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ஒட்டு வெச்சது யாரு சார்? நீங்களா?"

அவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். ஒருமுறை போதும் என்றிருந்தும் மூன்றுமுறை ஆட்டினார். அதிகாரி எழுதி முடித்ததும், கைநாட்டுக்கு இடக்கைப் பெருவிரலை அவரே நீட்டினார்.

அதிகாரி போன பிறகு மனைவி நாற்காலியில் ஏறி, முழு வால் என்று அவர் பெருமையடித்த மிச்ச எட்டு வாள்களையும் இறக்கினாள். ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு எடுத்து வந்து, முழு வால்தானா என்று கேட்டு முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது?"

ஆட்டினார். அதைக் கட்டிலின் அந்தப் பக்கம் வைத்தாள்.

"இது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். இல்லை என்று தலையை அசைத்தார். அதை இந்தப் பக்கம் வைத்தாள்.

எட்டும் முடிந்தபோது இந்தப் பக்கம் மூன்று சேர்ந்திருந்தன. அவள் பழைய போர்வை ஒன்றில் அந்த மூன்றையும் சுருட்டி, துணி காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"அவளை உட்காருன்னு சொன்னது நான்" என்றாள்.

அவர் இடக்கையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தது. எழுந்து, தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள்.